கயிற்றைப் பிடிப்பது யார்?

(மின்கம்பிப் பாதையில் வளரும் மரங்கள் குறித்து, ஏரலில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மின்கம்பிக்குக் கீழே வளரும் மரத்தைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு கூட்டமா என்று சிலர் கேட்டார்களாம். கூலி உயர்வைப் பற்றிப் பேசலாம். விலைவாசியைப் பற்றிப் பேசலாம். நிலத்தைப் பற்றிப் பேசலாம். வேப்பங்கிளையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது? நியாயமான கேள்விதான். பதில் சொல்லுகிறேன்.

அந்தக் கிளையில் மூன்று பேருடைய வாழ்வு தொங்குகிறது. கிளையை வெட்ட ஏறுகிறானே, அவனுடைய உயிர் ஒன்று. கிளை முறிந்து கம்பி அறுந்து விழுந்தால், விடியற்காலை இருட்டில் வரப்பு வழியே வேலைக்குப் போகிற விவசாயத் தொழிலாளியின் உயிர் ஒன்று. வளர்த்த மரத்தையும் குலை தள்ளிய வாழையையும் இழந்து நிற்கிற குடியானவனின் பிழைப்பு ஒன்று. மூன்று பேரும் உழைப்பாளிகள். ஆகவே இது நம்முடைய விஷயம்.

இந்த ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை இருக்கிறது. பாண்டியர் காலத்து முத்துத் துறை அது. கடல் விலகிப்போய்விட்டது, ஆனால் தூத்துக்குடிக் கடலில் 1961-ம் ஆண்டு வரை முத்துக் குளிப்பு நடந்தது. கடலுக்குள் இறங்குகிறவனுக்கு ஒரு கயிறு உண்டு. அதன் மறுமுனையைத் தோணியில் இருக்கிற ஒருவன் பிடித்திருப்பான். அவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்று நம் கடற்கரையில் சொல்வார்கள். ஏன் மைத்துனன்? கயிற்றை விட்டால் தன் அக்காளின் தாலி போய்விடும் என்கிற கவலை அவனுக்கு இருக்கும். வேறு எவனுக்கும் அந்தக் கவலை அவ்வளவு இராது.

தோழர்களே! இன்று கம்பத்திலும் மரத்திலும் ஏறுகிற தொழிலாளியின் கயிற்றைப் பிடிப்பது யார்? அதைத்தான் இன்றைக்குக் கேட்க வந்திருக்கிறோம்.

நாம் கண்ணால் கண்டது

2023-ம் ஆண்டு டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த ஊரில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் 60 சென்டிமீட்டருக்கு மேல். தாமிரபரணி கரை புரண்டது. ஏரல் பாலத்தை ஒட்டிய சாலையை வெள்ளம் அறுத்துக்கொண்டு போயிற்று. கடைவீதி மூழ்கியது. வாழையும் நெல்லும் நாசமாயின. பல நாள் கரண்டு இல்லை. கரண்டு இல்லாததால் மோட்டார் ஓடவில்லை, குடிதண்ணீர் இல்லை. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு "உயிரோடு இருக்கிறோம்" என்று ஒரு வார்த்தை போனில் சொல்லவும் வழி இல்லை.

அந்த இருட்டைப் போக்கியது யார்? நம் ஜில்லா மின்வாரியத் தொழிலாளிகளும், வெளி ஜில்லாக்களிலிருந்து வந்த தொழிலாளிகளும்தான். சேற்றிலும் தண்ணீரிலும் நின்று கம்பம் நட்டார்கள், கம்பி இழுத்தார்கள். அவர்களுக்கு இந்த மேடையிலிருந்து நம் நன்றி.

அன்று சாய்ந்த கம்பங்கள் எல்லாம் மரத்தால் சாய்ந்தவை என்று நான் சொல்ல மாட்டேன். ஆற்று வேகம் சாய்த்தது. ஆனால் 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் டெல்டா ஜில்லாக்களைத் தாக்கியதே, அங்கே என்ன நடந்தது? ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. தென்னந்தோப்புக்குள் ஓடிய கம்பிகளின் மேல் தென்னை விழுந்தது. ஒரு தென்னை கம்பி மேல் விழுந்தால் ஒரு கம்பத்தோடு போவதில்லை. கம்பி இழுக்கும்; அடுத்த கம்பமும் சாயும்; அதற்கடுத்ததும் சாயும்.

புயலும் வெள்ளமும் என்றோ வருகிறவை. ஆடிக் காற்று வருஷா வருஷம் வருகிறது. ஐப்பசி மழை வருஷா வருஷம் வருகிறது. மரம் தினந்தோறும் வளருகிறது. தெரிந்தே வருகிற ஆபத்தைத் தடுக்காமல் விட்டுவிட்டு, விபத்து நடந்தபின் "இயற்கையின் கோபம்" என்று சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

கம்பி ஏன் தொங்குகிறது?

ஒரு சின்ன விஷயத்தை நாம் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டும். காலையில் பார்த்த இடத்திலேயே கம்பி மத்தியானமும் இருப்பதில்லை. கரண்டு அதிகமாகப் பாய்ந்தால் கம்பி சூடாகிறது. வெயிலும் சேர்ந்துகொள்கிறது. சூடான உலோகம் நீளுகிறது. இரண்டு கோபுரத்துக்கு நடுவே கட்டிய கம்பி நீண்டால் என்ன ஆகும்? கீழே தொங்கும். காலையில் மரத்துக்கும் கம்பிக்கும் இருந்த இடைவெளி, எல்லா மோட்டாரும் எல்லா ஆலையும் ஓடுகிற கோடை மத்தியானத்தில் இருக்காது.

இன்னொன்று. உயர் அழுத்தக் கம்பியில் மரம் தொட வேண்டும் என்பது கூட இல்லை. நெருங்கினாலே போதும், காற்றின் வழியாகக் கரண்டு பாய்ந்துவிடும். அதனால்தான் 11 ஆயிரம் வோல்ட் கம்பிக்கும் மரத்துக்கும் 2.6 மீட்டர், 220 ஆயிரம் வோல்ட்டுக்கு 4.6 மீட்டர், 400 ஆயிரம் வோல்ட்டுக்கு 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று வனப்பகுதிகளில் கம்பிப் பாதைக்கு அளவு வைத்திருக்கிறார்கள். கம்பி மிக அதிகமாகத் தொங்குகிற நிலையையும், காற்றில் ஆடுகிற ஆட்டத்தையும் கணக்கில் சேர்த்துத்தான் இந்த அளவு.

இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்குப் பணக்கார நாடான அமெரிக்காவே சாட்சி. 2003-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி பிற்பகல். ஒஹையோ மாநிலத்தில் 345 ஆயிரம் வோல்ட் கம்பி ஒன்று தொங்கி, அடியில் வெட்டாமல் விட்ட மரத்தைத் தொட்டது. நின்றது. அது சுமந்த பாரம் பக்கத்துக் கம்பிகளின் மேல் ஏறியது. அவையும் சூடாகித் தொங்கின. மரத்தைத் தொட்டன. 3 மணி 5 நிமிடத்திலிருந்து 3 மணி 41 நிமிடத்துக்குள் இப்படி மூன்று கம்பிகள் போயின. மாலை 4 மணி 15 நிமிடத்துக்குள் நியூயார்க் முதல் கனடாவின் டொரண்டோ வரை சுமார் 5 கோடி ஜனங்கள் மின்சாரம் இல்லாமல் தவித்தார்கள். இரு நாட்டு அரசாங்கங்களும் சேர்ந்து விசாரித்தன. கம்பிப் பாதையில் மரங்களைச் சரியாகக் கழிக்காமல் விட்டது ஒரு முக்கிய காரணம் என்று 2004-ல் அறிக்கை வந்தது. அதே 2003-ல் செப்டம்பர் 28-ந் தேதி ஸ்விட்சர்லாந்து மலையில் ஒரு கம்பி மரத்தை நெருங்கியதில் தொடங்கி, இத்தாலி தேசம் ஏறக்குறைய முழுவதும் இருண்டது.

அமெரிக்காவில் மின்சாரம் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளின் கையில் இருக்கிறது. மரம் வெட்டுவதால் லாபம் வராது. கணக்குப் புத்தகத்தில் அது செலவு. செலவைத் தள்ளிப்போட்டால் அந்த வருஷம் லாபம் கூடும். அந்தக் கணக்கின் பலனை ஜனங்கள் அனுபவித்தார்கள். அதற்குப் பிறகுதான், 2005-ல் சட்டம் கொண்டுவந்து, கம்பிப் பாதையை ஒழுங்காக வைத்திருப்பது கட்டாயம், தவறினால் அபராதம் என்று ஆக்கினார்கள்.

நம் ஆலைத் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பஞ்சாலையில் கரண்டு ஒரு விநாடி போய் வந்தால் ரிங் பிரேமில் இழைகள் ஒன்றாக அறுகின்றன. சைடர் ஓடி ஓடி ஒட்ட வேண்டியிருக்கிறது. உற்பத்தி குறைந்தது என்று மேஸ்திரி யார் மேல் பாய்கிறார்? மரத்தின் மேலா பாய்கிறார்?

மணல் பூமியின் ஆபத்து

கம்பி அறுந்து விழுந்தால் பியூஸ் போய்விடும், கரண்டு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். எப்போதும் அப்படி நடக்காது. ஈரமான வயலில் விழுந்தால் கரண்டு வேகமாகப் பூமிக்குள் பாயும், பியூஸ் போகலாம். நம் தேரி மணல் எப்படிப்பட்டது? காய்ந்து கிடக்கிற மணல். அதில் விழுந்த கம்பியிலிருந்து கொஞ்சம்தான் கரண்டு பாயும். பியூசுக்கு அது தெரியாது. கம்பி செத்த பாம்பு போலக் கிடக்கும். உள்ளே உயிர் இருக்கும். காய்ந்த கிளைமேல் சாய்ந்து கிடக்கிற கம்பியும் இப்படித்தான்.

ஆகவே அறுந்து கிடக்கிற கம்பி எதுவானாலும் அதில் கரண்டு இருக்கிறது என்றே எண்ண வேண்டும். பக்கத்தில் போகக்கூடாது. குச்சியால் தள்ளக்கூடாது. ஈரக் குச்சியும் ஆளைக் கொல்லும். கம்பி கிடக்கிற இடத்தைச் சுற்றித் தரையிலும் கரண்டு பரவி இருக்கும். பக்கத்தில் மாட்டிக்கொண்டவன் எட்டி நடக்கக்கூடாது. இரண்டு காலையும் சேர்த்து வைத்து, தரையோடு தேய்த்துத் தேய்த்து விலகி வர வேண்டும். ஆடு மாட்டைத் தடுக்க வேண்டும். மின்னகம் 94987 94987 என்ற எண்ணுக்கும், உள்ளூர் மின்வாரிய ஆபீசுக்கும் உடனே சொல்ல வேண்டும்.

ஆடு மேய்க்கிற தோழர்களுக்கு ஒரு வார்த்தை. இரும்புக் கொக்கி மாட்டிய தொரட்டியை எடுத்துக்கொண்டு கம்பியடியில் நிற்கிற மரத்தில் குழை ஒடிக்காதீர்கள். தேங்காய் பறிக்கிற நீளமான கம்பும் அப்படியே. ஒரு பிடி குழைக்காக உயிரைக் கொடுக்க வேண்டாம்.

இந்தியாவில் மின்சாரம் தாக்கி ஆண்டுதோறும் பத்தாயிரம் பேருக்கு மேல் சாகிறார்கள். பெரிய யுத்தம் ஒன்றில் சாவது போலச் சாகிறார்கள்; யாரும் யுத்தம் என்று சொல்வதில்லை.

ஏறுகிறவன் கதி

இனி மரம் ஏறுகிறவனைப் பார்ப்போம். கிளை வெட்டுவது அரிவாள் பிடிக்கத் தெரிந்த எவனும் செய்கிற வேலை என்று நினைக்கிறார்கள். அது முதல் தவறு. கம்பிப் பக்கத்தில் கிளை வெட்டுவது மின்சார வேலை.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் துணை மின் நிலையத்திலிருந்து எல்.சி. வாங்க வேண்டும், லைன் கிளியர் என்பதன் சுருக்கம் அது. எந்த லைன், எந்த நேரம், யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்க வேண்டும். சுவிட்சைத் திறந்து, பூட்டி, "ஆள் வேலை செய்கிறான், போடாதே" என்று பலகை மாட்ட வேண்டும். பிறகு கம்பியில் கரண்டு இல்லை என்று கருவி வைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு வேலை நடக்கிற இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த் ராடு மாட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பின்தான் ஆள் ஏறலாம். இறங்கியவர்களை எண்ணிப் பார்த்து, எர்த் ராடைக் கழற்றி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுத்த பின்தான் சுவிட்சைப் போடலாம்.

எர்த் ராடு எதற்கு, சுவிட்சைத்தான் திறந்தாயிற்றே என்று கேட்பார்கள். எங்கோ ஒரு கடையில், ஒரு பங்களாவில் ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்து ஓட்டினால், அந்தக் கரண்டு டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி லைனுக்கு வரும். நின்ற லைன் உயிர் பெற்றுவிடும். அந்த நேரத்தில் எர்த் ராடு ஒன்றுதான் மேலே இருக்கிறவனைக் காப்பாற்றும்.

தோழர்களே! எல்.சி.யும் எர்த் ராடும்தான் அவனுடைய கயிறு. சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்கிறவன்தான் அவனுடைய மைத்துனன். முறைப்படி நடந்தால் ஆள் சாக மாட்டான். ஆனால் நடைமுறை என்ன? பல்லாயிரக்கணக்கான பணியிடங்களைக் காலியாக வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று ஆள் செய்ய வேண்டிய வேலை ஒருவன் தலையில் விழுகிறது. மேலே ஏறுகிறவனும் அவனே, கீழே சுவிட்சைப் பார்க்க வேண்டியவனும் அவனே என்றால் கயிற்றை யார் பிடிப்பது? எத்தனையோ இடங்களில் ஒப்பந்தக்காரன் மூலம் தினக்கூலிக்கு ஆள் பிடித்து ஏற்றுகிறார்கள். அவனுக்குப் பயிற்சி இல்லை. கையுறை இல்லை. பெல்ட் இல்லை. பெயர்ப் பதிவும் இல்லை. செத்தால் "அவன் எங்கள் ஆள் இல்லை" என்று கையை விரிக்கிறார்கள்.

நம் மாநிலத்தில் மின்வாரியம் 1957 ஜூலை 1-ந் தேதி பொதுத்துறையாகத் தொடங்கியது. குக்கிராமத்துக்கும் கரண்டு கொண்டுபோனது அந்தப் பொதுத்துறைதான். 2010-ல் அதைப் பிரித்துக் கம்பெனிகளாக்கினார்கள். 2024-ல் உற்பத்தி வேறு, பகிர்மானம் வேறு, பசுமை மின்சாரம் வேறு என்று மறுபடியும் பிரித்தார்கள். ஜனங்கள் வாயில் இன்னும் அது ஈ.பி.தான். 2021-ல் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கேங்மேன்களை எடுத்தார்கள்; அதற்காகத் தொழிலாளிகள் எவ்வளவோ போராட வேண்டியிருந்தது. பெயர்ப்பலகை மாற்றுகிற சுறுசுறுப்பில் கொஞ்சம், காலியிடத்தை நிரப்புவதில் இருந்திருக்கக்கூடாதா?

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒப்பந்தக்காரன் வைத்த ஆள் வேலையில் அடிபட்டாலோ இறந்தாலோ, வேலை யாருக்காக நடந்ததோ அந்த முதன்மை முதலாளியிடமே நஷ்டஈடு கேட்கலாம் என்று 1923-ம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் சொன்னது. இப்போது அதன் இடத்துக்கு வந்திருக்கிற 2020-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்தப் பொறுப்பு இருக்கிறது. "எங்கள் ஆள் இல்லை" என்ற பேச்சு செல்லாது.

கம்பி விழுந்து வழிப்போக்கன் செத்தால்? 1997-ல் மத்தியப் பிரதேசத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி இரவு வேலை முடித்து சைக்கிளில் வீட்டுக்குப் போனான். பாதையில் கிடந்த கம்பியின் மேல் சைக்கிள் ஏறியது. அந்த இடத்திலேயே இறந்தான். யாரோ திருட்டுத்தனமாகக் கம்பியை இழுத்தான், எங்கள் மேல் குற்றம் இல்லை என்று அங்கிருந்த மின்வாரியம் வாதாடியது. 2002-ல் சுப்ரீம் கோர்ட் என்ன சொன்னது? இவ்வளவு அபாயமான பொருளைக் கையாளுகிறவன், கவனக்குறைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நஷ்டஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்னது. அந்த விதவையின் உரிமை நிலைநாட்டப்பட்டது. இந்தத் தீர்ப்பு ஒவ்வொரு விவசாயத் தொழிலாளி வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

மரம் யாருடையது?

மூன்றாவது ஆளுக்கு வருகிறேன். மரத்தை வளர்த்தவன்.

கோபுர லைன் ஒன்று வயலுக்கு மேலே போனால் எவ்வளவு நிலம் அதற்குக் கட்டுப்படுகிறது தெரியுமா? 110 ஆயிரம் வோல்ட்டுக்கு 22 மீட்டர் அகலம். 220 ஆயிரத்துக்கு 35 மீட்டர். 400 ஆயிரத்துக்கு 46 மீட்டர். கணக்குப் போட்டால் 400 ஆயிரம் வோல்ட் லைன் 88 மீட்டர் தூரம் ஓடுவதற்குள் ஒரு ஏக்கர் அதன் நிழலில் வந்துவிடுகிறது. அந்த ஏக்கரில் தென்னை கூடாது, பனை கூடாது, மா கூடாது. பட்டா விவசாயி பெயரில் இருக்கும். உரிமை கம்பிக்கு இருக்கும்.

2015-ம் ஆண்டு அக்டோபரில் மத்திய சர்க்கார் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. கோபுரம் நிற்கிற இடத்துக்கு நிலமதிப்பில் 85 சதவீதம், கம்பி ஓடுகிற பாதைக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்றது. 2018, 2019-ல் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் புகளூருக்கு வந்த 800 ஆயிரம் வோல்ட் லைனை எதிர்த்துக் கொங்கு ஜில்லாக்களின் விவசாயிகள் போராடினார்கள். வயலில் உட்கார்ந்தார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள், கைதானார்கள். நாடெங்கும் இப்படிக் கிளம்பிய எதிர்ப்புகளுக்குப் பிறகு, 2024 ஜூனில் கோபுர இடத்துக்கு 200 சதவீதம், பாதைக்கு 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். போராடாமல் எந்தக் காசும் உயர்ந்ததில்லை. ஆனால் இது வழிகாட்டுதல் மட்டுமே. மாநிலங்கள் ஏற்றால்தான் நடைமுறை. 66 ஆயிரம் வோல்ட்டும் அதற்கு மேலும் உள்ள லைனுக்குத்தான் இது. நம் தோட்டத்துக்குள் ஓடுகிற 11 ஆயிரம் வோல்ட் லைனுக்கு இது வராது.

அந்தச் சின்ன லைனுக்கு என்ன சட்டம்? 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 68-வது பிரிவைப் பாருங்கள். கம்பிக்கு இடைஞ்சலான மரத்தை அகற்ற நிர்வாக மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். அந்த மரம் கம்பி போடுவதற்கு முன்பே இருந்த மரம் என்றால், "மரத்தில் உரிமை உள்ளவருக்கு" நியாயமான நஷ்டஈடு கொடுக்க வேண்டும். மரம் என்ற சொல்லில் செடி, வேலி, புதர் எல்லாமே அடங்கும் என்று அதே பிரிவு விளக்குகிறது.

தோழர்களே, அந்த வார்த்தையைக் கவனியுங்கள்: மரத்தில் உரிமை உள்ளவர். நிலத்துக்குப் பட்டா வைத்திருப்பவர் என்று சட்டம் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் ஏத்தன் வாழை போடுகிறவர்களில் எத்தனை பேர் சொந்த நிலத்தில் போடுகிறார்கள்? பாட்டத்துக்கு எடுத்துப் பயிரிடுகிறவன் எத்தனை பேர்? ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலில் பாடுபடுகிறவனெல்லாம் நிலச் சொந்தக்காரனா? பனையைப் பாட்டத்துக்கு எடுத்து ஏறுகிற பனைத் தொழிலாளியின் நிலை என்ன? வாழை வெட்டுப்பட்டால் நஷ்டம் பாடுபட்டவனுக்கு. பணம் பட்டா வைத்திருப்பவனுக்கு! இந்த அநியாயத்தை எதிர்த்து, பாட்டச்சீட்டையும் கடன் ரசீதையும் சாட்சியையும் எடுத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் படியேற வேண்டும். தனியாகப் போனால் திருப்பி அனுப்புவார்கள். சங்கத்தோடு போகவேண்டும்.

எப்படி வெட்டுவது?

வெட்டத்தான் வேண்டும் என்றாயிற்று. எப்படி வெட்டுவது? அதிலும் அறிவு வேண்டும்.

வேம்பும் புளியும் கிளை வெட்டினால் தழைக்கும். ஆனால் மொட்டையாகத் தறித்துவிட்டால் வெட்டுவாயைச் சுற்றிப் பத்து இளங்கொம்புகள் கிளம்பி, முன்னைவிட வேகமாகக் கம்பியை நோக்கி ஓடும். ஒட்டும் பலம் இராது, காற்றில் முறியும். ஆகவே கம்பியை நோக்கிப் போகிற கிளையை, அது பிறந்த கவட்டை வரை போய் அறுக்க வேண்டும். கம்பிக்கு எதிர்ப்பக்கம் போகிற கிளையை விட வேண்டும். மரம் அந்தப் பக்கம் வளரும்.

பனையும் தென்னையும் அப்படி அல்ல. அவற்றுக்கு ஒரே குருத்து. குருத்து போனால் மரம் போனது. ஒரு பனை ஆளாக எத்தனை வருஷம் ஆகிறது! 2021-ல் தமிழ்நாடு சர்க்கார், பனையை வெட்ட வேண்டுமானால் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. நல்லது. அப்படியானால் பனை நிற்கிற இடத்தில் கம்பம் நகர வேண்டும், அல்லது கம்பம் உயர வேண்டும், அல்லது உறை போட்ட கேபிள் வர வேண்டும். சென்னை வீதிகளில் பூமிக்கடியில் கேபிள் போட முடிகிறபோது, ஒரு தோப்புக்குள் நாலு கம்பத் தூரத்துக்கு உறை போட்ட கேபிள் போட முடியாதா?

சீமைக்கருவேல் வேறு ரகம். மேலோடு வெட்டினால் தூரிலிருந்து பல கொம்பாக முளைக்கும். வேர்முண்டோடு தோண்ட வேண்டும். தரையில் நின்று, கம்பி உயரத்துக்கு எட்டாத புதரை அகற்றுகிற இந்த வேலையை உள்ளூர் ஆண், பெண் தொழிலாளிகளுக்கு நியாயமான கூலியில் கொடுக்கலாம். கம்பியை நெருங்குகிற கிளையில் கை வைப்பது மட்டும் பயிற்சி பெற்ற மின் தொழிலாளியின் வேலை. இந்த எல்லையை யாரும் தாண்டக்கூடாது. அதிகாரி சொன்னாலும் தாண்டாதீர்கள்.

நாமும் ஒன்று செய்ய வேண்டும். கம்பிக்கு நேர் கீழே புதிதாகத் தென்னை, முருங்கை, வேம்பு வைக்காதீர்கள். வயல் வழியே போகிற வெறும் கம்பி, 11 ஆயிரம் வோல்ட் வரை, தரையிலிருந்து குறைந்தது 4.6 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. நன்றாக வளர்ந்த ஏத்தன் இலையை நிமிர்த்தினால் அதை நெருங்கிவிடும். கம்பியடியில் நெல் போடுங்கள், காய்கறி போடுங்கள், பூச்செடி வையுங்கள். கம்பி அந்த உயரத்துக்குக் கீழே தொங்கினால் அது வாரியத்தின் குற்றம். எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

நம் கோரிக்கை

நாம் கேட்பது இவைதான்.

ஒன்று: ஆடிக் காற்றுக்கு முன் ஒரு முறை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை, ஒவ்வொரு லைனையும் நடந்து பார்த்து, வெட்ட வேண்டிய மரங்களின் பட்டியலை ஊராட்சி ஆபீசில் ஒட்ட வேண்டும்.

இரண்டு: எழுத்தில் எல்.சி. இல்லாமல், எர்த் ராடு மாட்டாமல், கீழே ஒரு பொறுப்பாளர் நிற்காமல் எந்தத் தொழிலாளியையும் ஏற்றக்கூடாது. மறுக்கிற தொழிலாளியைத் தண்டிக்கக்கூடாது.

மூன்று: காலியிடங்களை நிரப்ப வேண்டும். வருஷக்கணக்காக வேலை செய்கிற ஒப்பந்தத் தொழிலாளிகளை நிரந்தரமாக்க வேண்டும்.

நான்கு: வெட்டுப்பட்ட மரத்துக்கும் பயிருக்கும் உள்ள நஷ்டஈடு, பாடுபட்டவன் கையில் போய்ச் சேர வேண்டும். சின்ன லைனுக்கும் நியாயமான அளவு வகுக்க வேண்டும்.

ஐந்து: தோப்புகளிலும் பனங்காடுகளிலும் கம்பத்தை உயர்த்த வேண்டும், உறை போட்ட கேபிள் போட வேண்டும்.

இவற்றில் எது நடக்காத காரியம்? எதுவும் இல்லை. செலவாகும் என்பார்கள். செலவாகும்தான். ஒரு உயிருக்கு விலை எவ்வளவு என்று அவர்கள் முதலில் சொல்லட்டும். பிறகு செலவைப் பேசுவோம்.

1908-ம் ஆண்டில் தூத்துக்குடிக் கோரல் மில் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ. உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். வெள்ளைக்கார முதலாளி பணிந்தான்; கூலி உயர்ந்தது, வார விடுமுறை வந்தது. அன்று ஊர் ஜனங்கள் அந்தத் தொழிலாளிகளுக்குச் சோறு போட்டார்கள். ஆலைக்குள் நடந்த போராட்டத்துக்கு வெளியில் இருந்து கயிறு பிடித்தவர்கள் அந்த ஜனங்கள்.

இன்றைக்கும் அதுதான் வேண்டும். மின்வாரியத் தொழிலாளி "எல்.சி. இல்லாமல் ஏற மாட்டேன்" என்று சொன்னால், "கரண்டு இன்னும் வரவில்லையே" என்று நாம் அவன்மேல் கோபப்படக்கூடாது. அவன் பக்கத்தில் நிற்க வேண்டும். வாழை வெட்டுப்பட்ட விவசாயி தாலுகா ஆபீசுக்குப் போனால் ஆலைத் தொழிலாளி உடன் போக வேண்டும். கம்பி அறுந்து ஒரு விவசாயத் தொழிலாளி செத்தால் மின்வாரியத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து கேட்க வேண்டும்.

கயிற்றைப் பிடிப்பது யார் என்று தொடக்கத்தில் கேட்டேன். நாம்தான் பிடிக்க வேண்டும். விடாமல் பிடிப்போம்!

தொழிலாளர் விவசாயி ஒற்றுமை ஓங்குக!